குழாய் குடித்த தண்ணீர்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலம் முழுக்கத் தனபாக்கியம் தண்ணீரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. குழாயைத் திறந்தால் வந்தது, மூடினால் நின்றது, அவ்வளவுதான். கணவர் சண்முகசுந்தரம் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தபோது விருதுநகர்ப் பக்கம் திரும்பிப் போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று இருவரும் மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில், வேலங்குப்பம் என்ற சின்ன ஊரில், முந்திரித் தோப்பை அழித்து மனை போட்டிருந்த இடத்தில் வீடு கட்டிக் குடிவந்தார்கள்.

வந்த பிறகுதான் தண்ணீர் பிடிப்பதும் ஒரு வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. காலையில் ஒரு தடவைதான் திறந்துவிடுவார்கள். அதுவும் நூல் மாதிரி ஒழுகும். அவர்கள் குடிவந்த மேல்தெருவில் எல்லா வீட்டிலும் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி இழுப்பதைப் பார்த்துவிட்டுச் சண்முகசுந்தரமும் ஒன்று வாங்கி மாட்டினார். தரைக்கடியில் கட்டியிருந்த சம்ப் தொட்டி ததும்பியது. குடிக்கிறதுக்குச் சமையலறையில் சுத்திகரிக்கிற மெஷின் வைத்தாயிற்று. தனபாக்கியம் மறுபடியும் தண்ணீரை மறந்துபோனாள்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், இசைப்பிரியா வந்து கேட்டைத் தட்டினாள். அவள் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டர். முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, அவ்வளவு உயரத்தில் ஏறித் தொட்டி கழுவ யாரும் முன்வராதபோது, காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்த இந்தப் பெண் நான் செய்கிறேன் என்று வந்தாளாம். பாவாடை மாதிரி பறக்கிற துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் அந்த இரும்பு ஏணியில் ஏறுவதை மாடியிலிருந்து பார்த்துத் தனபாக்கியம் பயந்திருக்கிறாள். பேசியது கிடையாது.

"அம்மா, ஒங்க சம்ப்புலேருந்து ஒரு சொம்பு தண்ணி வேணும்."

"குடிக்கவா? மெஷின் தண்ணி இருக்கும்மா, எடுத்துட்டு வர்றேன்."

"குடிக்க இல்லம்மா, பாக்கறதுக்கு."

கொண்டுவந்து கொடுத்ததும் கைப்பையிலிருந்து விரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து அதில் தண்ணீரை ஊற்றி, வேறொரு புட்டியிலிருந்து சில சொட்டு மருந்து விட்டாள். குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் தனபாக்கியம்.

"மஞ்சளா மாறணும்மா. டேங்க்குல பிளீச்சிங் கலந்துதான் வுடறன். காலையில டேங்க்குல பாத்தப்ப மஞ்சளாத்தான் இருந்திச்சி. இப்ப ரொப்புன சம்ப்புல மருந்தே இல்லன்னா, வர்ற வழியில எங்கியோ அழுக்கு கலந்துகினு இருக்குதுன்னு அர்த்தம்." குப்பியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "வூட்டுல யாருக்காச்சும் வயிறு சரியில்லாம இருக்குதாம்மா?"

உள்ளே சண்முகசுந்தரம் இரண்டு நாளாகச் சுருண்டு படுத்திருந்தார். மந்தாரக்குப்பத்துப் புரோட்டாக் கடையைத் தனபாக்கியம் திட்டாத திட்டு இல்லை.

"அவருக்குத்தான். ஆனா நாங்க குடிக்கிறது மெஷின் தண்ணியாச்சே?"

"பல்லு வெளக்கறது?"

வாய் கொப்பளிப்பதும், கீரை அலசுவதும், தட்டு கழுவுவதும் சம்ப்புத் தண்ணீரில்தான்.

"தெற்குத் தெருவுல பசங்களுக்கெல்லாம் வாந்தி பேதிம்மா. ரெண்டு பேர பண்ருட்டி ஆஸ்பத்திரில சேத்திருக்கு. நர்ஸம்மா பள்ளிக்கூடத்துல வந்து மருந்து குடுத்துகினு இருக்காங்க." சற்றுத் தயங்கினாள். "நாளைக்குத் தண்ணி வுடற நேரத்துல என்கூட அங்க வர முடியுங்களா? ஒண்ணு காட்டணும். வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டன்றாங்க. மேல்தெருவுலேருந்து ஒருத்தராச்சும் கண்ணால பாக்கணும்."

"நான் ஏம்மா? ஊருக்குப் புதுசு."

"மத்த வூட்டுல ஜன்னல் வழியாவே பேசி அனுப்பிட்டாங்கம்மா. நீங்கதான் கதவத் தொறந்து வெளிய வந்தீங்க."

மேல்தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் ஒரு சாக்கடை ஓடுகிறது. ஓடுகிறது என்பது பேச்சுக்குத்தான். மேல்தெரு வீடுகளின் சோப்புத் தண்ணீரும் வடித்த கஞ்சியும் அதில் வந்து விழுந்து, போக இடமில்லாமல் கறுத்துத் தேங்கிக் கிடக்கும். குடிவந்து அத்தனை நாளாகியும் தனபாக்கியம் அந்தச் சாக்கடையைத் தாண்டிப் போனதில்லை. போகிறதுக்கு அவசியம் வரவில்லை என்று நினைத்திருந்தாள். மறுநாள் காலை, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, மேலே போட்டிருந்த பலகையில் கால் வைத்தபோது, இசைப்பிரியா கை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தெருவின் கடைசியில் செல்லக்கிளியின் வீடு. அவள் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவள்; பகல் ஷிஃப்ட் இல்லாததால் வீட்டில் இருந்தாள். வாசல் குழாயில் ஒரு முழ டியூபை மாட்டி அதன் நுனியை வாளிக்குள் விட்டிருந்தாள்.

"நான் எம்பொண்ணத்தாங்க போட்டு அடிச்சிட்டன்," என்றாள் செல்லக்கிளி. "வாளி ரொம்பட்டும்னு வுட்டுட்டுப் போயி அடுப்பப் பாத்துட்டு வந்தா பாதி தண்ணிய காணோம். நீதாண்டி கொட்டுனன்னு வெளுத்துட்டன். அவ அழுதுகினே சொல்றா, குழாதாம்மா குடிச்சிதுன்னு. யாருகிட்ட சொன்னாலும் சிரிச்சாங்க. இசைதான் சிரிக்கல. ஒக்காந்து பாக்கறன்னு சொல்லி, விடிகாலையில வந்து ஒக்காந்துட்டா."

இசைப்பிரியா வால்வைத் திறந்துவிட்டு வந்திருந்தாள். டியூபில் தண்ணீர் வந்தது, மெல்லிசாக. வாளி பாதிக்கு வந்தது. அப்போது மேல்தெருப் பக்கமிருந்து ஒரு மோட்டார் உறுமியது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி எல்லாம் சேர்ந்துகொண்டன. தண்ணீர் ஒல்லியாகி, சொட்டி, நின்றது.

"இப்ப பாருங்கம்மா."

டியூப் லேசாக உதறியது. குர்ரென்று ஒரு சத்தம். வாளியில் இருந்த தண்ணீர் நடுவில் குழிந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. உறிஞ்சு குழல் போட்டு இளநீர் குடிப்பதுபோல் அந்தக் குழாய் வாளித் தண்ணீரைக் குடித்தது. வாளியின் அடி தெரிகிறவரை தனபாக்கியம் குனிந்து பார்த்தாள். அந்த உறுமல்களில் ஒன்று தன் வீட்டு மோட்டார். தண்ணீர் விடுகிற நேரத்துக்குச் சுவிட்சைப் போடும்படி கணவரிடம் அவளேதான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"வாளித் தண்ணிய இழுக்குதுன்னா பூமிக்குள்ள இருக்கறதையும் இழுக்கும் இல்லம்மா?" என்றாள் இசைப்பிரியா. "பைப்பு அந்தச் சாக்கடைக்கு அடியிலதான் வருது. அங்க ஒரு ஜாயின்ட்டு இருக்குது."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சம்கூட இல்லை. அதுதான் தனபாக்கியத்தை என்னவோ செய்தது. அவள் இடத்தில் தனபாக்கியம் இருந்திருந்தால் தெருவே கேட்கும்படி கத்தியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து முதலில் சுவிட்சை அணைத்தாள். கணவரிடம் சொன்னாள். படுத்திருந்தவர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரை ஆயுசெல்லாம் பம்ப் வைத்து இறைத்தவர் அவர்.

"சாக்கடைக்கு அடியிலயா பைப்பு போகுது?"

"அப்படித்தான் சொல்றா."

"அப்ப இழுக்கத்தான் செய்யும். சந்தேகமே வேண்டாம். நம்ம சம்ப்புக்கும் அதுதான் வந்திருக்கு." ஸ்வெட்டரை எப்படிப் புடிச்சா?"

"ஒரு சின்னப் புள்ள சொன்னத நம்பியிருக்கா. வேற ஒண்ணுமில்ல."

அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு ஸ்பேனரைத் தேடினார்.

ஆனால் ஒரு வீட்டு மோட்டார் கழன்றால் என்ன ஆகிவிடும்? பஞ்சாயத்துத் தலைவர், மோட்டார் வைத்த எல்லார் வீட்டு இணைப்பையும் வெட்டிவிடலாமா என்று கேட்டார். இசைப்பிரியா வேண்டாம் என்றாள். "வெட்டுனா ராத்திரியோட ராத்திரியா திரும்பப் போட்டுப்பாங்க சார். எனக்கு ஒரு காலைப்பொழுது குடுங்க. அந்த ஜாயின்ட்டத் தோண்டி எல்லாருக்கும் காட்டறன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தக் காலையில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களும், தெற்குத் தெரு ஆண்கள் சிலரும் மண்வெட்டியோடு வந்தார்கள். சாக்கடையை இரண்டு பக்கமும் மண்மூட்டை போட்டு மறித்து, கறுத்த சேற்றை வழித்துப் போட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகத் தோண்டினார்கள். இசைப்பிரியாவும் முழங்கால் வரை சேற்றில் நின்றாள். மேல்தெருக்காரர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பைப்பு தெரிந்தபோது குழிக்குள் மறுபடியும் கறுப்புத் தண்ணீர் ஊறி, இணைப்பு இருந்த இடத்தை மூடிக்கொண்டது.

முந்திரித் தோப்புக்காரர் கோபாலகிருஷ்ணன் முன்னால் வந்தார். மேல்தெருவில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"இதுக்கும் எங்க மோட்டாருக்கும் என்னாம்மா சம்பந்தம்? ஒங்க தெருவுக்குத் தண்ணி வர்லன்னா நேரா கேளு. வாங்கித் தர்றன். அத வுட்டுட்டு ஊரையே சேத்துகினு பழி போடறியே."

இசைப்பிரியா நெற்றியில் தெறித்த சேற்றைப் புறங்கையால் துடைத்தாள்.

"பழி போடலண்ணே. ஒங்க வூட்டு மோட்டார இப்ப போடச் சொல்றீங்களா? இங்கயே நின்னு பாக்கலாம்."

"போட்டா என்னாவாம்?"

"ஒண்ணும் ஆவலன்னா நான் வேலைய வுட்டுப் போயிடறன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "கஸ்தூரி, மோட்டாரப் போடு. ம்... ஆமா, இப்பதான்."

எல்லாரும் குழியைப் பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கோபாலகிருஷ்ணன் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. தனபாக்கியம் தன்னை அறியாமல் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தண்ணீர் மேல் மிதந்த ஒரு பூவரசு இலை மெதுவாகச் சுற்றியது. வேகமாகச் சுற்றியது. பிறகு குழி தண்ணீரை விழுங்க ஆரம்பித்தது. சளக் சளக்கென்று சப்பிக் குடிக்கிற சத்தம் கரை வரை கேட்டது. நுரையும் முடியும் சோற்றுப் பருக்கையும் பைப்பின் விரிசல் பக்கமாக ஓடின. கொஞ்ச நேரத்தில் இணைப்பு வெளியே தெரிந்தது. வாய் பிளந்திருந்தது.

"மேல்பக்கமா போவுது," என்று யாரோ சொன்னார்கள். "கோபாலு வூட்டுக்கு."

கோபாலகிருஷ்ணன் ஃபோனைக் காதில் வைத்தார். "கஸ்தூரி, நிறுத்து. நிறுத்துடி! ...சோறு எந்தத் தண்ணில வடிச்ச? ...கொட்டிடு. அத்தனையும் கொட்டிடு."

இப்போது இந்தப் பெண் நாலு வார்த்தை சொல்லுவாள் என்று தனபாக்கியம் எதிர்பார்த்தாள். சொல்லவும் உரிமை இருந்தது. இசைப்பிரியாவோ குழியிலிருந்து கையை மேலே நீட்டி, "அண்ணே, அந்தக் கடப்பாறைய கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

அன்றைக்கே வால்வை அடைத்து, விரிசல் விட்ட துண்டை அறுத்து எறிந்தார்கள். புதுப் பைப்பை மறுபடியும் சாக்கடைக்கு அடியில் புதைக்கப் போனபோது சண்முகசுந்தரம் குறுக்கே வந்தார். சாக்கடைக்கு மேலாக, ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுபோனால் இனி ஜாயின்ட் பிளந்தாலும் நல்ல தண்ணீர் வெளியே ஒழுகுமே தவிர அழுக்கு உள்ளே போகாது என்றார். இசைப்பிரியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது எனக்குத் தோணவே இல்ல சார்!" என்று வாய்விட்டுச் சொன்னாள். மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் அவரே போய்ப் பொறுக்கி எடுத்து மினி வேனில் ஏற்றிவந்தார். வயிற்று வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

தண்ணீர் விடுகிற முறையையும் இசைப்பிரியா மாற்றினாள். முதலில் தெற்குத் தெரு, பிறகு மேல்தெரு என்று வால்வைத் தனித்தனியாகத் திறந்தாள். மோட்டார்கள் கழன்றதும், சாதாரணமாகத் திறந்தாலே தரைமட்டத்துச் சம்ப்பில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து மேல்தெருவுக்கே ஆச்சரியம். ஒருத்தரை ஒருத்தர் முந்தி இழுத்ததில்தான் எல்லாருக்கும் நூலாக வந்திருக்கிறது.

ஆனால் தேங்கின சாக்கடை அப்படியே இருந்தது. அதை வற்ற வைக்காமல் விடுவதில்லை என்று இசைப்பிரியா நின்றாள். வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு உறிஞ்சு குழி தோண்டி, செங்கல் உடைசலும் ஜல்லியும் மணலும் போட்டு, சமையலறைத் தண்ணீரை அங்கேயே இறக்கிவிட வேண்டும். இடமில்லாத வீடுகளுக்குத் தெருமுனையில் பொதுவாக ஒரு பெரிய குழி. குழி வெட்டப் பஞ்சாயத்து ஒத்துக்கொண்டது. வீட்டுக்காரிகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கொசு வரும், நாற்றம் வரும், வாஸ்து இடிக்கும் என்று ஆளுக்கொரு காரணம். மேல்தெருவில் சில வீட்டில் இசைப்பிரியாவை வாசலுக்கு உள்ளே விடவே இல்லை. அவள் தெற்குத் தெருப் பெண் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

"நீ அடுத்த வேலையப் பாரு இசை. அடுப்படி வரைக்கும் நான் போயிக்கிறேன்," என்றாள் தனபாக்கியம்.

முதலில் தன் வீட்டில் வெட்டச் சொல்லி, சுற்றிலும் வாழைக்கன்று நட்டாள். பிறகு மத்தியான நேரங்களில், அரிசி புடைக்கிற இடத்திலும் சீரியல் பார்க்கிற இடத்திலும் போய் உட்கார்ந்தாள். தன் வாழ்நாளில் சாக்கடையைப் பற்றி இவ்வளவு பேசுவாள் என்று அவளே நினைத்ததில்லை. கஸ்தூரியம்மாள்தான் கடைசி வரை பிடிகொடுக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு சேத்துல எறங்குனது போதாதாக்கா?" என்று கேட்டாள். தனபாக்கியம் வாதாடவில்லை. மறுநாள் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் குழியின் மேல் நிற்க வைத்தாள். "இப்ப நீ எது மேல நிக்கிறன்னு தெரியுதா?" கஸ்தூரியம்மாள் காலைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். அப்புறம் குனிந்து மோந்து பார்த்தாள். மண் வாசனைதான் வந்தது. அந்த வாரத்தில் அவள் வீட்டிலும் குழி விழுந்தது.

தை பிறக்கிற சமயத்தில் சாக்கடை காய்ந்து வெடித்துவிட்டது. செல்லக்கிளியின் பெண் அதில் இறங்கிப் பாண்டி ஆடினாள்.

அடுத்த ஐப்பசியிலும் மழை அதே மாதிரி கொட்டியது. நர்ஸம்மா மருந்துப் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை சும்மா இருந்துவிட்டுப் போனார். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஒருத்தரும் வரவில்லை. இசைப்பிரியா அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மழைநாளில் மருந்து சீக்கிரம் நீர்த்துப்போகும் என்று காலையும் மாலையும் வீடு வீடாகக் குப்பியைக் குலுக்கிக்கொண்டு அலைந்தாள். கோபாலகிருஷ்ணன் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தானே பிடித்து வந்து காட்டி, மஞ்சள் கண்ட பிறகுதான் தோப்புக்குக் கிளம்பினார்.

அந்த மழையில்தான் ஒரு நாள், பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆள் நனைந்துகொண்டே வந்து இசைப்பிரியாவைத் தேடினார். அங்கேயும் பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லையாம், வந்து பார்க்க முடியுமா என்றார். தொட்டி கழுவிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "துணி மாத்திகினு வந்துடறன்," என்றாள், யாராவது காப்பி குடிக்கக் கூப்பிட்டால் சொல்வதுபோல.

தனபாக்கியம் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். "சாதம் வடிச்சு வச்சிருக்கேன். ரசத்தைச் சுட வச்சுக்கோங்க."

"நீ எங்க போற?"

"அந்த ஊர்லயும் எவளாவது கதவத் தொறக்காம ஜன்னல் வழியாப் பேசுவா. இவ தனியாப் போனா வாசல்லயே நிப்பா." குடையை எடுத்துக்கொண்டவள், என்ன நினைத்தாளோ, திரும்பி நின்றாள். "என்னங்க, நமக்கு இப்படி ஒரு பொண்ணு பொறந்திருந்தா ஏணியில ஏற விட்டிருப்பமா?"

சண்முகசுந்தரம் யோசித்தார். "விட்டிருக்க மாட்டோம்," என்றார்.

"ஆமா. விட்டிருக்க மாட்டோம்."

கீழே இசைப்பிரியா வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.